எங்கள் ஊர் ரேஷன் கடை: அரிசி எப்படி, பருப்பு எப்போது, கடை ஏன் இன்னும் இருக்கிறது

முதலில் அரிசி, ஏனென்றால் ரேஷன் கடை என்றதும் எல்லோரும் கேட்பது அதைத்தான். புதுச்சேரி எல்லையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர்க் கடையில் இப்போது போடுகிற புழுங்கலரிசி நன்றாகவே இருக்கிறது. நிறம் கொஞ்சம் பழுப்பு, குருணை கொஞ்சம் அதிகம், நாலைந்து தண்ணீர் விட்டுக் களைய வேண்டும். ஆனால் முன்பு வந்த மாதிரி வண்டும் வாடையுமாக இல்லை. முக்கால் மணி நேரம் ஊற வைத்து வடித்தால் சோறு பதமாக வருகிறது. நாலுக்கு ஒன்று உளுந்து போட்டு இட்லிக்கு அரைத்தால் கடையில் வாங்குகிற இட்லி அரிசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

களையும்போது வெள்ளை வெளேரென்று சில மணிகள் மேலே மிதக்கும். அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கிக் கொட்டுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்து, மறுபடி அரிசி வடிவில் பிழிந்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். வீட்டில் தலசீமியா உள்ளவர்கள் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இதைக் கடைப் பலகையில் நாலு வரி எழுதி வைக்கலாம், இதுவரை வைக்கவில்லை.

விலைக்கு வருவோம். எங்களுடையது முன்னுரிமையற்ற அட்டை, அதாவது ஒன்றிய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் வராதது, அதிகபட்சம் 20 கிலோ அரிசி, 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். மளிகைக் கடையில் நல்ல துவரம் பருப்பு நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கிப் பல வருஷம் ஆகிறது, அதனால் அந்த ஒரு கிலோ பருப்புதான் எங்கள் பக்கத்து வீடுகளில் சாம்பார் வைப்பதா ரசத்தோடு விடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. சர்க்கரை 13.50 ரூபாய்க்குக் கிடைத்தது. 2017-இல் ஒன்றிய அரசு சர்க்கரை மானியத்தை மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைகளோடு நிறுத்திக்கொண்டதும், அந்த நவம்பரில் மற்றவர்களுக்கு 25 ஆனது. மண்ணெண்ணெய் கதை இன்னும் மோசம், ஒதுக்கீட்டைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் அதற்கென்று கேன் எடுத்துக்கொண்டு வருகிறவர்களே இல்லாமல் போனார்கள். எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு பொருள் பட்டியலிலிருந்து காணாமல் போவதுதான் இந்தக் கொள்கை வேலை செய்கிற விதம், எதிர்த்துக் கூடுவதற்கு ஒரு தேதிகூட நமக்குக் கிடைக்காது.

எந்தக் கொள்கை என்று கேட்டால், 1991-இல் தொடங்கியது. அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டும் மிச்சமிருந்து, தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்து, சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கிய வருஷம். நிதிப் பற்றாக்குறையைக் குறை, மானியத்தை வெட்டு என்பதுதான் அப்போது வந்த மருந்துச் சீட்டு. மாநிலங்களுக்கு மத்தியத் தொகுப்பிலிருந்து கொடுக்கும் சாதாரண அரிசியின் விலை 1990-இல் கிலோ 2.89 ரூபாய், 1994 பிப்ரவரியில் 5.37. நாலு வருஷத்துக்குள் இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது, அந்த நாலு வருஷத்தில் விவசாயக் கூலியின் கூலி எவ்வளவு ஏறியிருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1997 ஜூனில் அடுத்த அடி. அதுவரை அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவாக இருந்த ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாக வெட்டினார்கள். பெயர் இலக்கு சார்ந்த பொது விநியோகம். 2000-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், கோட்டுக்கு மேலே இருப்பதாக எழுதப்பட்டவர்களுக்கு மானியமே கிடையாது, கொள்முதல், கிடங்கு, லாரி வாடகை எல்லாம் சேர்த்த முழு விலை என்றாக்கினார்கள். கோட்டுக்கு மேலே என்றால் பணக்காரர் என்று அர்த்தமில்லை, கணக்கெடுக்க வந்தவர் ஓட்டு வீட்டையோ பழைய டிவிஎஸ் 50-யையோ பார்த்து வேறு கட்டத்தில் டிக் அடித்திருந்தாலும் போதும். சந்தை விலைக்கே ரேஷனிலும் அரிசி என்றால் யார் வாங்குவார்கள்? வாங்குவது நின்றது, இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகள் நிரம்பின, 2002 நடுவில் கையிருப்பு 6 கோடி டன்னைத் தாண்டியது. அதற்கு முந்தைய வருஷம்தான், ராஜஸ்தானில் கிடங்கு நிறையத் தானியம் இருக்கும்போதே மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசு என்ன செய்தது? மானியம் கொடுத்து அந்தத் தானியத்தை ஏற்றுமதி செய்தது. நம் மக்களுக்குக் கொடுக்க மறுத்த மானியத்தை அடுத்த நாட்டு வியாபாரிக்குக் கொடுத்தார்கள். தானியம் மிஞ்சிக் கிடப்பது வயிறு நிறைந்ததால் இல்லை, கையில் காசு இல்லாததால் என்று உத்சா பட்நாயக் போன்ற இடதுசாரிப் பொருளாதார அறிஞர்கள் அப்போதே எழுதினார்கள். மானியத்தை வெட்டினால் சிக்கனம் என்று சொன்னவர்கள் கிடங்கில் வைத்துக் காப்பதற்கு எவ்வளவு கொட்டினார்கள் என்பதை இப்போது யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாடு இந்தப் பிரிப்பை ஏற்கவில்லை. அதனால்தான் என் ரிவ்யூவில் எழுதுவதற்கு ஒரு கடை இருக்கிறது. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொல்லி ஓட்டு வாங்கிய மாநிலத்தில் அரிசியில் கை வைக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் வராது என்று நினைப்போம், ஆனால் கை வைத்துப் பார்த்தார்கள். ஜெயலலிதா ஆட்சியில் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தி அரிசி இல்லை என்றார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு தொகுதிகூடத் தேறவில்லை, உடனே முத்திரை போனது. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் மாநிலம் வந்தபோதும், அந்தச் சட்டம் இங்கே ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்ற நிலையிலும், மீதிப் பேருக்கான அரிசியை மாநிலமே போட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு கோடிக்கும் மேலான அட்டைகள், 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள், பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. லாபம் பார்க்காத ஒரு சில்லறை வணிகச் சங்கிலி இவ்வளவு பெரிதாக வேறு எங்கே இருக்கிறது?

கடை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை, எங்களுக்கு அது பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரம். 2015 செப்டம்பரில் சண்டிகரும் புதுச்சேரியும்தான் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்ற திட்டத்துக்கு முதல் சோதனைக் களம். அரிசியே கொடுங்கள் என்று அடுத்து வந்த முதல்வர் நாராயணசாமியின் அரசு சொல்ல, பணம்தான் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சொல்ல, அந்த இழுபறியில் கடைகள் மூடிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்றார்கள். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். “காசு வர்ற அன்னைக்கே கேஸுக்கோ பள்ளிக்கூட வேனுக்கோ போயிடுதுடா தம்பி, அரிசின்னா டப்பாவுல இருக்கும், எடுத்து உலை வைக்கலாம்” என்று அது சொல்லும். நான் படித்த எந்தக் கட்டுரையைவிடவும் இது தெளிவாக இருந்தது. அரிசி விலை ஏறும்போது கணக்கில் வருகிற தொகை கூடவே ஏறாது. பணம் எப்போது வந்தது, யார் கணக்கில் விழுந்தது, வங்கி எவ்வளவு பிடித்தது என்று அலைய வேண்டும். 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், புதுச்சேரியில் ரேஷன் கடைகளை மறுபடி திறந்தார்கள். பணமாகக் கொடுத்தால் மக்களுக்குச் சுதந்திரம் என்று டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்கள் ஒரு தடவை அந்த வரிசையில் போய் நின்றிருக்க வேண்டும்.

வசதியானவர்களுக்கு எதற்கு இலவச அரிசி, இட்லி மாவுக்கும் கோழித் தீனிக்கும்தானே போகிறது, பாலிஷ் போட்டுக் கேரளாவுக்குக் கடத்துகிறார்களே என்று என்னிடமே பலர் கேட்கிறார்கள். கடத்தல் நடக்கிறது, கடத்துகிறவரைப் பிடியுங்கள். ஆனால் வாத்தியார் வீட்டுக்கும் கொத்தனார் வீட்டுக்கும் ஒரே மூட்டையிலிருந்து அளந்து போடுவதால்தான் அரிசி நாறினால் கலெக்டர் வரை மனு போகிறது. ஏழைக்கு மட்டும் என்று ஆக்கிய எந்தச் சேவையும் கொஞ்ச நாளில் ஏழைத்தனமான சேவையாகத்தான் ஆகும், நம் ஊர் அரசுப் பள்ளிகளில் வசதியானவர்கள் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்திய பிறகு என்ன ஆனது என்று பார்த்தவர்கள்தானே நாம்.

இனி குறைகள். பில் மெஷின். சர்வர் வரவில்லை என்றால் மொத்த வரிசையும் வெயிலில் நிற்கும், கடைக்கு முன்னால் ஒரு தகரக் கூரைகூட இல்லை. களை எடுத்து, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது, கருவிழிக் கருவி வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்த ஒரு பாட்டி கருவிக்கு முன்னால் கண்ணை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. தன் பங்கு அரிசியை வாங்க அந்தம்மா தன்னைத் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் வங்கிக் கடனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும்போது யாருடைய கருவிழியையும் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது, நல்ல வேலை, வயதானவர்கள் விசாரித்துப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை குறைகிறது. இருபதுக்குப் பத்தொன்பதரைதான் வீட்டுத் தராசில் நிற்கிறது. எல்லோரும் விற்பனையாளரைத் திட்டுகிறார்கள், நானும் சண்டை போடலாம்தான். ஆனால் 2022-இல் ஆள் எடுத்தபோது விற்பனையாளருக்கு முதல் வருஷம் மாதம் 6,250 ரூபாய், மூட்டை தூக்கிப் பொருளைக் கட்டிக் கொடுக்கிற கட்டுநருக்கு 5,500 ரூபாய் தொகுப்பூதியம் என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள். 50 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றி இறக்குகிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய்கூட இல்லை. மூட்டை கிடங்கிலிருந்து வரும்போதே குறைவாக வருகிறது, சாக்கோடு சேர்த்து எடை போட்டுத் தள்ளுகிறார்கள், குறைகிறதை நான் என் கையிலிருந்தா போடுவது என்று எங்கள் கடைக்காரர் கேட்டார். அரசே தன் ஊழியருக்கு இப்படிக் கூலி கொடுத்தால், எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டு அரசுச் செலவை வெட்டச் சொல்கிற நவதாராளமயம் வெளியில் இருந்து வர வேண்டியதில்லை. இந்த இடத்தில் தமிழ்நாட்டு அரசுகளை, எந்தக் கட்சி ஆண்டாலும், நான் விடமாட்டேன்.

வெட்டும் யோசனை இன்னும் போகவில்லை. 2015 ஜனவரியில், இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க ஒன்றிய அரசு போட்ட சாந்தகுமார் குழு, நாடு முழுக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களை 67 சதவீதத்திலிருந்து 40-ஆகக் குறை, படிப்படியாகப் பணமாக மாற்று என்று எழுதிக் கொடுத்தது. உலக வர்த்தக அமைப்பில் நம் கொள்முதலை 1986-88 விலையை வைத்து அளந்து அதிக மானியம் என்கிறார்கள், 2013-இல் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில் நமக்குக் கிடைத்தது தற்காலிகப் பாதுகாப்புதான். கொள்முதல் நின்றால் டெல்டாவில் நெல் விற்கிறவருக்கும் அடி, எங்கள் தெருவில் வடிக்கிறவருக்கும் அடி.

போகிறவர்களுக்கு: மாதத்தின் முதல் வாரம் கூட்டம் அதிகம், ஆனால் பருப்பும் பாமாயிலும் வேண்டும் என்றால் அப்போதே போங்கள், இருபது தேதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. பை இரண்டு, எண்ணெய்க்குத் தனிப் பை. வாங்காத பொருளுக்கு பில் போட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால் அன்றைக்கே கேளுங்கள். இரண்டு மாதமாகப் பருப்பு வரவில்லை என்றால் கவுன்டரில் இருப்பவரிடம் கத்தாமல் 1967 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள், அப்படியே விற்பனையாளருக்கும் கட்டுநருக்கும் என்ன சம்பளம் என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.