ஃபார்மட் போட்ட கடைக்காரர் ‘டேட்டா போச்சு’ என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

டோரண்ட்டில் (ஒரு கோப்பைப் பலர் தங்கள் கணினிகளிலிருந்தே துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் முறை) கோப்பு பகிர்கிறவர்கள் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போகாத டேட்டாவை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லி என்னிடம் 6,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை மூன்று வருடமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஜமா (கூத்துக் குழு) வாத்தியார்களிடம் சம்மதம் வாங்கித்தான் எல்லாம். மொத்தம் 38 ஜிபி. அவ்வளவையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. அதனால் நானே ஒரு டோரண்ட் செய்து, அதைத் தேடி எடுக்க உதவும் மேக்னெட் லிங்கைக் கூத்து ஆர்வலர்கள் குழுவில் போட்டேன். முழுசாக வைத்திருந்தது நான் மட்டும்தான். மற்றவர்களுக்குப் பாதியும் முக்காலுமாக இறங்கிக்கொண்டிருந்தபோது லேப்டாப் பூட் ஆகாமல் நின்றுவிட்டது.

கடையில் விண்டோஸ் போட 1,200 கேட்டார்கள். “டி டிரைவைத் தொடவே மாட்டோம் சார்” என்றார்கள். உண்மையிலேயே தொடவில்லை. வீட்டுக்கு வந்து டோரண்ட் மென்பொருளான க்யூபிட்டோரண்ட்டை மறுபடி நிறுவித் திறந்தால் பட்டியல் காலி. ஒரு வரிகூட இல்லை. பதறிப்போய் அதே கடைக்கு ஓடினேன். அந்தத் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, “டேட்டா கரப்ட் ஆயிடுச்சு சார், ரெகவரி போடணும்” என்றார். நான்கு நாள், 6,500 ரூபாய், பாதி முன்பணம். கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பக் கிடைத்தது என்ன தெரியுமா? டி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர். அதற்குள் ஃபைல்0001, ஃபைல்0002 என்று பெயரே இல்லாத கோப்புகள். பலதும் நான் எப்போதோ அழித்த பழைய போட்டோக்கள். அதற்குப் பக்கத்திலேயே ‘கூத்து’ என்ற என் ஃபோல்டர், 38 ஜிபியும் அப்படியே இருந்தது. பாண்டிச்சேரியில் இருக்கும் சித்தப்பா மகன் போனில், “அண்ணா, உன் ஃபைல் எங்கேயும் போகலை. கணக்குப் புத்தகம்தான் போயிருக்கு” என்றான். பக்கத்தில் இருந்ததை நான் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் போதும், பணம் மிஞ்சியிருக்கும்.

அவன் சொன்ன கணக்குப் புத்தகம் டோரண்ட் பட்டியல்தான். க்யூபிட்டோரண்ட் அதை சி டிரைவில், நம் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், க்யூபிட்டோரண்ட், பிடி_பேக்கப் என்ற இடத்தில் வைக்கிறது. ஒவ்வொரு டோரண்ட்டுக்கும் ஒரு .டோரண்ட் கோப்பு, ஒரு .ஃபாஸ்ட்ரெஸ்யூம் கோப்பு. பெரும்பாலும் சில எம்பிதான் வரும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். கடையில் டெஸ்க்டாப்பையும் டாகுமெண்ட்ஸையும் காப்பி எடுக்கிறவர்கள் கண்ணில் அது படாது. ஃபார்மட் போடாமல் மேலேயே விண்டோஸ் நிறுவியிருந்தால் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் பத்து நாள் வரை கிடைக்கும். எனக்கு அதுவும் இல்லை, சி டிரைவ் முழு ஃபார்மட்.

சரி, எப்படி மீண்டது? குழுவில் போட்டிருந்த மேக்னெட் லிங்க் இருந்தது. அதில் இருக்கும் 40 எழுத்து ஹாஷ்தான் அந்த டோரண்ட்டின் கைரேகை. அதை ஒட்டியதும், பாதி இறக்கி வைத்திருந்த விழுப்புரத்து நண்பரின் கணினியிலிருந்தே கோப்புப் பட்டியலும் ஒவ்வொரு துண்டின் ஹாஷும் எனக்கு வந்து சேர்ந்தன. இங்கே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சேமிக்கும் இடமாக ‘கூத்து’ ஃபோல்டரைக் காட்டக் கூடாது, அதற்கு மேலே உள்ள ஃபோல்டரைக் காட்ட வேண்டும். நான் முதலில் தப்பாகக் காட்டினேன். கூத்துக்குள் இன்னொரு கூத்து உருவாகி 0% என்று நின்றது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து வயிறு கலங்கிப்போனது. இடத்தைச் சரியாகக் காட்டி, ரைட் கிளிக் செய்து ஃபோர்ஸ் ரீசெக் (இருக்கும் கோப்புகளை ஹாஷோடு ஒப்பிட்டுச் சோதிப்பது) கொடுத்தேன். சதவீதம் 4, 19, 57 என்று ஏறியது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சோதனையைத் தவிர்க்கும் ‘ஸ்கிப் ஹாஷ் செக்’ பெட்டியை மட்டும் டிக் செய்துவிடாதீர்கள். உங்கள் கோப்பு மாறியிருந்தால், கெட்டுப்போன துண்டுகளை மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்குவீர்கள். அவர்கள் கணினி அதைக் கண்டுபிடித்து உங்கள் இணைப்பையே தடை செய்துவிடலாம்.

ஏறிய சதவீதம் 96.4-ல் நின்றுவிட்டது. பார்த்தால் மூன்று எம்பி3 கோப்புகளின் தேதி மாறியிருந்தது, அதுவும் லேப்டாப் கடையில் இருந்த அந்த நான்கு நாளில் ஒரு நாள். டேக் (பாட்டின் பெயர் போன்ற விவரம்) கோப்புக்குள்ளேயே எழுதும் ஏதோ பிளேயரில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் ஒத்துப்போகாது. அதில் ஒன்று கர்ண மோட்சம் கூத்து. அதை நடத்திய வாத்தியார் இப்போது மேடை ஏறுவதில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். “பாட்டு ஓடுதா சார்? அப்புறம் என்ன?” என்றார் முதலாளி. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பில்லில் ‘டேட்டா ரெகவரி’ என்ற இரண்டு வார்த்தைதான், எதை மீட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

அந்த மூன்று கோப்புகளும் விழுப்புரத்து நண்பருக்கு முன்பே என்னிடமிருந்து முழுதாக இறங்கியிருந்தன. இரவு பதினொரு மணிக்குக் கணினியைத் திறந்து வைக்கச் சொன்னேன். நான் அவருக்கு அனுப்பியது எனக்கே திரும்பி வந்தது. சுமார் 1.4 ஜிபி. விடிவதற்குள் 100% ஆகி, ‘சீடிங்’ (மற்றவர்களுக்குப் பகிரும் நிலை) என்று மாறியது.