ஆக்ஸிஜன் சென்சார் மாற்றியதாகச் சொல்லி 7,800 ரூபாய் பறித்தார்கள்: கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் போன்றவற்றை வீட்டிலேயே மாற்றிக்கொள்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் என் பெட்ரோல் காருக்கு ஏர் ஃபில்டர் மாற்றினேன். எப்போதும் நானே செய்கிற வேலைதான். மறுநாள் மதுரை பைபாஸ் ரோட்டில் போகும்போது செக் இன்ஜின் லைட் மஞ்சளாக எரிந்தது. வண்டி ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. வழியில் பெரிய போர்டு வைத்திருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஃபில்டர் மாற்றிய பிறகுதான் லைட் வந்தது என்பதையும் சொன்னேன்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியவர் திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. "ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சு சார். இப்படியே ஓட்டுனா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போயிரும், அப்புறம் செலவு எங்கயோ போயிரும்" என்றார். புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளப்பது அந்த சென்சார், புகையின் நச்சைக் குறைப்பது அந்தக் கன்வெர்ட்டர். சாயங்காலம் லைட் அணைந்த வண்டியைத் தந்தார்கள். 7,800 ரூபாய்க்குக் கொடுத்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத துண்டுச்சீட்டு. கழற்றிய சென்சாரைக் கேட்டால், "அதெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு சார்."

ஒரு வாரம் தாண்டவில்லை, லைட் மறுபடி எரிந்தது. இந்தத் தடவை "ஈசிஎம் போயிருக்கு, 35,000 ஆகும்" என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய்விட்டேன்.

அவர் ஸ்கேனரை என் கையிலேயே கொடுத்தார். பி0113 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கிற சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சென்சார்கள் அந்த நொடியில் தரும் அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில் அந்த வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது. மதுரை வெயிலில் மைனஸ் 40! "லைன் கட் ஆனா இப்படித்தான் காட்டும் தம்பி" என்று சொல்லி, ஃபில்டர் பெட்டியை ஒட்டியிருந்த அந்த சென்சாரின் ஒயர் சாக்கெட்டை விரலால் அழுத்தினார். சட்டென்று 47. விரலை எடுத்தார், திரும்பவும் மைனஸ் 40. இன்ஜின் சூட்டில் நாள்பட்டுக் காய்ந்து, சாக்கெட்டின் பிளாஸ்டிக் லாக் ஒடிந்திருந்தது. புது சாக்கெட், கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய்.

பிறகு டார்ச் அடித்து ஆக்ஸிஜன் சென்சாரைக் காட்டினார். துருவேறி, ஸ்பேனர் பட்ட தடமே இல்லாமல், கம்பெனியிலிருந்து வந்த அதே சென்சார். வேண்டாத பொருளை மாற்றியிருந்தாலாவது தவறான கணிப்பு என்று விட்டிருப்பேன். மாற்றாத பொருளுக்குக் காசு வாங்கியது பச்சைத் திருட்டு.

அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள் செய்தது கோளாறுக் குறியீட்டை அழித்தது மட்டும்தான். ஸ்கேனரில் அது அரை நிமிட வேலை. லைட் அணையும், கோளாறு அப்படியே இருக்கும். என் வண்டியில் லூஸ் காண்டாக்ட் என்பதால் குண்டு குழியில் குலுங்கியதும் திரும்ப வந்துவிட்டது. அழிக்கும்போது, கோளாறு வந்த நேரத்தில் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு என்னவென்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் தகவலும் சேர்ந்து போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதைதான். உண்மையிலேயே கோளாறு சரியாகிவிட்டால், பொதுவாக மூன்று டிரைவ் சைக்கிள் (வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓட்டி, அணைப்பது ஒரு சைக்கிள்) கோளாறில்லாமல் ஓடியதும் லைட் தானாகவே அணையும்.

அதனால் அழிப்பதற்கு முன் குறியீட்டை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை விடாதீர்கள். கழற்றிய பழைய பாகம் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனர் மாட்டுவதற்காக இருக்கும் ஓபிடி போர்ட்டில் மாட்டும் புளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கி வைத்தால், போனிலேயே குறியீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஃபில்டர் மாற்றிய பிறகு லைட் வந்தால் முதலில் பெட்டியின் கிளிப், காற்றுக் குழாய், சாக்கெட் மூன்றையும் தொட்டுப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், முடியாது என்றார்கள். பழைய சென்சாரின் படங்களோடு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.