நைட் ஷிஃப்டுக்கு பிளாக்அவுட் கர்ட்டன்: துணி பாஸ், ஓரம் ஃபெயில்

இரவு 10 முதல் காலை 6 வரை ஷிஃப்ட் என்றால், கேப் வீட்டு வாசலில் இறக்கிவிட ஏழரை ஆகிவிடும். எட்டு மணிக்குப் படுத்து ஒன்றரை வரை ஒரே மூச்சில் தூங்கினால், பிள்ளை ஸ்கூல் விட்டு வரும்போது வீட்டில் தெளிவான முகத்தோடு ஒரு ஆள் இருப்பார். தூக்கம் பத்தரைக்கே கலைந்தால் மாலை முழுக்க சோபாவில் சரிந்து கிடப்பதும், சின்னக் கேள்விக்கெல்லாம் எரிந்து விழுவதும்தான். வெளிச்சத்தை உள்ளே விடாத பிளாக்அவுட் கர்ட்டன் அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றுகிறதா என்பதே இங்கே கேள்வி. காப்பாற்றும், சரியாக மாட்டினால். கடைக்காரர் சொல்கிறபடி மாட்டினால் பாதிதான்.

இதில் இரண்டு வகை உண்டு. நடுவில் கறுப்பு நூல் வைத்து மூன்றடுக்காக நெய்தது ஒன்று. பின்பக்கம் ரப்பர் மாதிரி பூச்சு கொடுத்தது இன்னொன்று. நெய்தது துவைக்கச் சுலபம், மடிப்பும் அழகாக விழும். ஆனால் கிழக்குப் பார்த்த ஜன்னலில் ஒன்பது மணி வெயில் நேராக அடிக்கும்போது துணியே லேசாக மின்னும். பகல் தூக்கத்துக்குப் பூச்சு வகைதான் சரி. வாங்கும்போது மொபைல் டார்ச்சைத் துணியின் பின்னால் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் வேண்டாம். புதுசில் பூச்சு வாடை வரும். இரண்டு நாள் மொட்டை மாடியில் நிழலில் போட்டால் போய்விடும்.

சொதப்புவது அளவில்தான். ரெடிமேடில் 5, 7, 9 அடி உயரம் கிடைக்கும். 4 அடி ஜன்னல்தானே என்று எல்லோரும் 5 அடி எடுப்பார்கள். சட்டத்துக்கு மேலே 8 அங்குலம், கீழே 8 அங்குலம் துணி இறங்கினால்தான் வெளிச்சம் அடங்கும். அதற்கே 5 அடி 4 அங்குலம் ஆகிவிடுகிறது. கதவுக்கு என்று விற்கும் 7 அடியையே வாங்கி, மிச்சத்தை மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். அகலத்திலும் இருபுறம் 8 அங்குலம் சேர்த்தால் 4 அடி ஜன்னலுக்கு ராடு 5 அடி 4 அங்குலம். அதற்கு 4 அடி அகலத்தில் இரண்டு துணி போதும்.

ராடு நேர்க்கம்பியாக இருந்தால் பக்கவாட்டில் வெளிச்சம் கோடு போடும். முனை இரண்டும் சுவரை நோக்கி வளைந்த ராடு கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் துணி ஓரத்திலும் சுவரிலும் வெல்க்ரோ ஒட்டலாம். ரிங் வைத்த துணியில் மேல் பக்கம் அலை அலையாக இடைவெளி விழும். ராடுக்கு மேல் மரப்பட்டி அடிப்பதுதான் தீர்வு. கர்ட்டன் விற்பவர் யாரும் பேசாத எதிரி சீலிங் ஃபேன். காற்று துணியைத் தூக்கித் தூக்கி விட, முகத்தில் வெளிச்சம் கண்சிமிட்டும். கீழ் மடிப்புக்குள் பழைய சங்கிலித் துண்டு தைத்தால் அடங்கும். ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் இருந்தால் அதற்குக் கறுப்பு சார்ட் பேப்பர். ஏசி இல்லாத அறையில் கண்ணாடியையும் மூடினால் மே மாதத்தில் வெந்துபோவோம். துணிக்குப் பின்னால் கீழ்க் கதவு ஒன்றைத் திறந்தே வையுங்கள்.

சத்தத்தைக் குறைக்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். குக்கர் விசில் அப்படியே வரும். அதற்குத் தனியாக ஃபோம் இயர்பிளக் வேண்டும். உருட்டி ஒல்லியாக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும் வரை விரலால் அழுத்தி வைக்க வேண்டும். சும்மா நுழைத்தால் பயனில்லை.

வீட்டுப் பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஒரே பெட்ரூம் உள்ள வீட்டில் பீரோவும் அதே அறையில்தான். ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்பே மறுநாள் துணிமணி, பர்ஸ், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஹாலுக்கு மாற்றிவிட்டால், காலையில் யாரும் கதவைத் திறந்து வெளிச்சம் காட்ட மாட்டார்கள். போனில் தொந்தரவு வேண்டாம் அமைப்பைப் போட்டு, மனைவி அல்லது கணவர், ஸ்கூல் நம்பர் இரண்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கடைசி காபி இரவு இரண்டு மணிக்கு முன்னால் முடியட்டும். குடித்த கஃபீனில் பாதி போகவே ஐந்து மணி நேரம் பக்கம் ஆகும். காலை வெளிச்சம் தூக்கத்தை விரட்டாமல் இருக்க, கேபில் வருபவர்கள் கூலிங் கிளாஸ் போட்டு வரலாம். தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டி வருபவர்களுக்கு அந்த யோசனை வேண்டாம்.

ஒரு குறை: அறை இருட்டானால் அலாரம் அடித்தும் எழுந்திருக்க மனசு வராது. அலாரத்தைக் கை எட்டாத இடத்தில் வைத்து, எழுந்த கையோடு திரையை முழுக்கத் திறந்துவிடுங்கள். வெளிச்சம் பட்டால்தான் மந்தம் தெளியும்.

வாடகை வீட்டில் டிரில் போட முடியாதவர்கள் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் ராடு வாங்குகிறார்கள். 7 அடிப் பூச்சுத் துணி இரண்டின் எடை ஒரு கிலோவைத் தாண்டும். சுண்ணாம்புச் சுவரில் அது வழுக்கி இறங்கும். போதாததற்கு ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே நிற்பதால் ஓரமும் அடையாது. ஓனரிடம் கேட்டு நாலு ஓட்டை போடுவதே மேல். துவைக்கும்போது பச்சைத் தண்ணீர், கையால் அலசல், நிழலில் கொடி. வெந்நீரும் டிரையரும் பூச்சை உரித்துவிடும், இஸ்திரிப் பெட்டி அந்தப் பக்கமே போகக்கூடாது.