ஆஸ்பென் கன்றைக் காப்பது வேலியா, ஓநாயா?

வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் ஆஸ்பென் என்ற மரத்தின் காடு குறைகிறது என்றாலே வறட்சி, வெப்பம், நோய் என்று காரணங்களை அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் முதிய ஆஸ்பென் ஒரு நூற்றாண்டு, ஒன்றரை நூற்றாண்டில் சாய்வது புதிதல்ல. பல இடங்களில் அதன் இடத்தைப் பிடிக்க வேண்டிய கன்று, எல்க் என்ற பெரிய மான் இனம், மற்ற மான்கள், மாடு ஆகியவற்றின் வாயில் போய்விடுகிறது. அதைத் தடுக்கச் சொல்லப்படும் வழிகளில் எது எங்கே எடுபடும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

ஆஸ்பென் பெரும்பாலும் வேரிலிருந்தே பெருகும். நிற்கும் மரத்தின் நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் வேர்மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். மரம் எரிந்தாலோ வெட்டப்பட்டாலோ அந்தப் பிடி விட்டுப்போய், ஒரு ஹெக்டேரில் பல்லாயிரம் வேர்க்கன்றுகள் கிளம்பும். முதல் வருடமே ஒரு மீட்டர் எட்டும் கன்றும் உண்டு. பிறகு எல்லாம் உயரக் கணக்கு. செம்மறி ஆட்டுக்கு ஒரு மீட்டரும் சொச்சமும், மாட்டுக்கும் மியூல் மானுக்கும் ஒன்றரை மீட்டர் வரை, எல்க்குக்கு இரண்டு மீட்டர் அளவும் எட்டும். நுனிமொட்டு அந்த எல்லையைத் தாண்டினால் கன்று பிழைத்தது. அதற்குள் கடிபட்டால் பக்கமொட்டு ஒன்று தலையெடுக்கும்; மறுவருடம் அதுவும் போகும். முழங்கால் உயரத்தில் கோணல்மாணலாக நிற்கும் ஒரு குச்சியில் வருடத் தழும்புகளை எண்ணினால் பத்து வயது வரும். நுனி பிய்ந்து நாராகத் தொங்கினால் மேல் முன்பல் இல்லாத அசைபோடும் விலங்கின் வேலை. கத்தி வைத்தாற்போல் சாய்வாக வெட்டியிருந்தால் முயல்.

முதல் வழி வேலி. பலன் கண்ணுக்குத் தெரியும், சந்தேகத்துக்கு இடமில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் முப்பகுதி வேலி என்று பல பத்தாண்டுகளாக ஒரு சோதனை முறை உண்டு: ஒரு பகுதிக்குள் எதுவும் நுழையாது, இன்னொன்றில் மாடு நுழையாது ஆனால் மான் தாண்டி வரும், மூன்றாவது திறந்தவெளி. முழுத் தடுப்புக்குள் கன்றுகள் மரமாயின. மாட்டை மட்டும் தடுத்த இடத்தில், அங்கே மான் எவ்வளவு என்பதைப் பொறுத்தே முடிவு அமைந்தது. மாட்டைத் துரத்திவிட்டால் போதும் என்பவர்களும், மாட்டின் மேல் பழியே இல்லை என்பவர்களும் இதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

வேலியின் குறை அளவும் பராமரிப்பும். யூட்டாவின் ஃபிஷ்லேக் தேசியக் காட்டில் பாண்டோ இருக்கிறது: சுமார் 43 ஹெக்டேரில் ஏறத்தாழ 47,000 தண்டுகள், அத்தனையும் மரபணுவில் ஒரே மரம். 2013, 2014-ல் அதன் சில பகுதிகளைச் சுற்றி வேலி போட்டார்கள். எட்டடி வேலி ஒழுங்காக நின்ற இடத்தில் கன்று எழுந்தது. பழைய வேலியை ஒட்டவைத்துக் கட்டிய இடத்தில் மியூல் மான் ஓட்டை கண்டுபிடித்து உள்ளே போய்விட்டது. 2018-ல் வெளியான ஆய்வில் அங்கே மீட்சி சொல்லும்படி இல்லை. ஏறத்தாழப் பாதிப் பரப்புக்கு அப்போது வேலியே இல்லை. நல்ல வேலி, ஓட்டை வேலி, வேலியின்மை என்று அந்த ஒரே மரம் மூன்று விதக் காடாகப் பிரிந்து வளர்கிறது என்ற எச்சரிக்கையும் 2022-ல் வந்தது. என்னைக் கேட்டால் வேலி தற்காலிகக் கட்டு. ஒரு தோப்பைக் காப்பாற்றும், மலைத்தொடரைக் காப்பாற்றாது.

வேலிக்கு எதிர்முனையில் ஓநாய். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1926-க்குள் ஓநாயை ஒழித்துவிட்டு, 1995-96-ல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வடக்குப் பகுதியில் சுமார் 19,000 ஆக இருந்த எல்க், 2013 வாக்கில் 4,000 அளவுக்கு வந்தது. ஓநாயோடு கரடி, பூமா, பூங்காவுக்கு வெளியே வேட்டைக்காரர் என்று பல கைகள் அதில் உண்டு. ஓநாய் பயத்திலேயே எல்க் ஆஸ்பென் பக்கம் போவதில்லை என்ற கதை ரொம்பப் பிரபலம். 2010-ல் வந்த ஓர் ஆய்வு, ஆபத்தான இடம் என்று கருதப்பட்ட தோப்புகளிலும் கன்று கடிபடுவதைக் காட்டியது. பயத்தைவிட எண்ணிக்கை குறைந்ததே முக்கியம் என்றுதான் நானும் நினைக்கிறேன். இன்னொரு வில்லங்கம் அளக்கும் முறையில். ஒவ்வொரு தோப்பிலும் மிக உயரமான 5 கன்றுகளை மட்டும் அளந்தால், குருட்டாம்போக்கில் தேர்ந்து அளப்பதைவிட மீட்சி பல மடங்கு பெரிதாகத் தெரியும் என்று 2021-ல் சுட்டிக்காட்டினார்கள். அதற்காக மீட்சியே பொய் என்றாகாது. பல தோப்புகளில் பல பத்தாண்டுகளுக்குப் பின் முதல்முறையாக இளமரங்கள் தலைதூக்கியிருக்கின்றன. பக்கத்திலேயே வேறு தோப்புகள் அப்படியே கிடக்கின்றன.

ஓநாய் இல்லாத இடத்தில் மனிதன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்கா 2007-ல் போட்ட திட்டத்தில் வேலியும் எல்க் குறைப்பும் சேர்ந்தே இருந்தன. வேலியின் அடியில் சிறு விலங்குகள் போய்வர இடைவெளி விட்டார்கள். இரண்டையும் சேர்த்த இந்தக் கலவைதான் எனக்கு நடைமுறைக்கு ஒத்ததாகப் படுகிறது. மாடு, செம்மறியைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் எளிது: தீ வைத்த அல்லது வெட்டிய இடத்தில், கன்று வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை மந்தையை விடாதிருந்தால் ஆயிற்று. எல்க்கிடம் அப்படிப் பேச முடியாது. எல்க் மிகுந்த இடத்தில் முன்யோசனையின்றிக் காட்டை எரிப்பது விருந்து வைப்பதற்குச் சமம். கிளம்பும் கன்றெல்லாம் தின்னப்பட்டு, வேரில் இருந்த சேமிப்பும் கரைந்துபோகும். விழுந்த மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கவிடுவது செலவில்லாத துணை. யெல்லோஸ்டோனில் 1988 தீக்குப் பிறகு அப்படிக் கிடந்த கட்டைகளின் நடுவே கன்றுகள் கடிபடாமல் உயர்ந்தது பதிவாகியிருக்கிறது.

இந்தக் கணக்குகள் எதிலும் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை அடங்கவில்லை. யெல்லோஸ்டோனின் வடக்கில் எல்க் குறைந்த காலத்தில் பைசன் பெருகியது. அது கன்றைக் கடிப்பதோடு நிற்பதில்லை. எல்க்கின் வாய்க்குத் தப்பிய, ஆளுயரம் தாண்டிய இளமரத்தைக்கூட முட்டி உரசி முறித்துப்போடுகிறது. ஓநாய் பைசனை அடிப்பது அபூர்வம். எனவே அந்தப் பள்ளத்தாக்குகளில் ஆஸ்பென் எவ்வளவு மீளும் என்பது, பைசன் எத்தனை இருக்கலாம், பூங்கா எல்லையைத் தாண்டி எவ்வளவு தூரம் போகலாம் என்ற நிர்வாக முடிவுகளில் தொங்குகிறது.