உடனே கையெழுத்தா, நாலு வருடமுமா? கல்லூரி ஹொக்கியிலிருந்து என்.எச்.எல். போகும் வழிகள்

எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் தூளாக்கிக் கொட்டுவது. பாரைக்கும் சூரைக்கும் நடுவில் கிடந்து, சந்தை கலைவதற்குள் தண்ணீராகிவிடும். அதன்மேல் சப்பாத்துக்கு அடியில் கத்தி பூட்டிக்கொண்டு ஹொக்கி ஆடியே ஒருவன் கோடிக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று எனக்குச் சொல்லித் தந்தவன் அக்காவின் மகன். ஸ்காபரோவில் பிறந்த பெடியன். 14 வயது, மீசைகூட அரும்பவில்லை. அதற்குள் “மாமா, கொலிஜ் போய் ஒரு வருசத்தில சைன் பண்ணிடுவன்” என்கிறான்.

மாரிகாலத்தில் ரொறன்ரோவில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் திருகோணமலையில் அடுத்த நாள் விடிகாலை 5.30. ஒரு கையில் பிளேன்டீ, மறு கையில் போன். வாசலில் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று குப்பைப் பையைக் கிளறிக்கொண்டிருக்கும். இப்படித்தான் இரண்டு மூன்று பருவங்களாகப் பார்த்து வருகிறேன். மருமகனோடு வாக்குவாதமும் அதே நேரத்தில்தான். அவன் கட்சி: என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்) அணி கூப்பிட்ட அன்றே கல்லூரியை விட்டுப் போய்விட வேண்டும். என் கட்சி: பொறு.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நம்மூரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். இந்துக் கல்லூரியில் படித்தேன் என்றால் ஏ.எல். வரை படித்தேன் என்று பொருள். அங்கே கொலிஜ் ஹொக்கி என்பது அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் ஆட்டம். முதல் பிரிவில் அறுபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. என்.எச்.எல். வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்த வழியாக வந்தவர். ஹொக்கி என்றதும் புல்தரையை நினைக்க வேண்டாம், இது பனித்தரை.

சரி, விசயம் எப்படி நடக்கிறது? 18 வயதாகும் பிள்ளைகளை என்.எச்.எல்.லின் 32 அணிகளும் வருடா வருடம் ஏழு சுற்றுகளில் முறை வைத்து எடுக்கும். அதுதான் ட்ராஃப்ட். எடுத்துவிட்டால் வேலை கிடைத்தது என்று அர்த்தமில்லை. கொழும்பு பஸ்ஸில் ஜன்னல் வழியாக லேஞ்சியைப் போட்டு சீட் பிடிப்போமே, அந்த மாதிரி. இவனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை எங்களுக்கு மட்டும் என்று ஓர் அடையாளம். கல்லூரிக்குப் போகிற பிள்ளையின் சீட்டில் அந்த லேஞ்சி நாலு வருடம் கிடக்கும். நாலாம் வருடம் முடிந்து ஓகஸ்ட் 15 வரைக்கும் கையெழுத்திடவில்லை என்றால் லேஞ்சி பறந்துவிடும், பெடியன் விரும்பிய அணிக்குப் போகலாம். இடையில் எப்போது வேண்டுமானாலும் கையெழுத்திடலாம். ஆனால் இட்டபின் கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது.

ஆக முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, முதலாம் அல்லது இரண்டாம் வருடத்திலேயே கிளம்புவது. மற்றது, நாலு வருடமும் ஆடிப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போவது. மூன்றாம் வருடம் என்று ஒரு நடுப்பாதையும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மருமகனின் கட்சிக்குச் சாட்சி சொல்ல ஆட்கள் நிறைய. மாக்லின் செலப்ரீனி பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் ஆடினார். கல்லூரி ஹொக்கியின் உயர்ந்த விருதான ஹோபி பேக்கரை மிக இளம் வயதில் வென்றவர் அவர்தான். 2024 ட்ராஃப்டில் முதல் ஆளாக சான் ஹோசே எடுத்தது, அந்த ஒக்டோபரிலேயே என்.எச்.எல். பனியில் இறங்கினார். அவரைப் போன்றவருக்கு இன்னொரு வருடம் கல்லூரி எதற்கு? அங்கே அவருக்குச் சமமாக ஆட ஆளே இல்லை.

கேல் மக்கார் கதையை மருமகன் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். 2019 ஏப்ரல் 12இல் ஹோபி பேக்கர் விருது. 13ஆம் திகதி இறுதிப் போட்டியில் அவருடைய மசசூசெட்ஸ் அணி மினசோட்டா டுலூத்திடம் 3-0 என்று தோற்றது. அழுத கண் காய்வதற்குள் கொலராடோவுடன் கையெழுத்து. 15ஆம் திகதி இரவு கல்கரிக்கு எதிரான பிளேஓஃப் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் சுற்றுகள்) ஆட்டத்தில் இறங்கி, முதல் பகுதியிலேயே ஒரு கோல். மூன்றே ஆண்டில், 2022இல், என்.எச்.எல். வெற்றியாளருக்கான ஸ்டான்லி கிண்ணம், பிளேஓஃபின் சிறந்த வீரர் விருது, சிறந்த பாதுகாப்பு வீரருக்கான நொரிஸ் விருது, மூன்றும் அவர் கையில்.

ஆனால் மருமகன் விட்டுவிடுகிற ஒரு பாகம் அந்தக் கதையில் இருக்கிறது. மக்காரை 2017இல் நாலாவது ஆளாக எடுத்தார்கள். அவர் அவசரப்படவில்லை. முதல் வருடம் அவருக்கு 21 புள்ளிகள் (கோல் போட்டாலும் ஒன்று, போட உதவினாலும் ஒன்று). அணி தயாராக இருந்தும் இரண்டாம் வருடத்துக்குத் திரும்பிப் போனார். அந்த வருடம் 41 ஆட்டங்களில் 49 புள்ளிகள். ஏப்ரல் 15 இரவு பனியில் இறங்கியவர் அந்த இரண்டாம் வருடத்தின் மக்கார். 2021இன் முதல் தேர்வு ஓவன் பவரும் அப்படித்தான், ட்ராஃப்டுக்குப் பிறகும் மிச்சிகனில் இன்னொரு பருவம் ஆடிவிட்டே பஃபலோவுக்குப் போனார்.

இவர்கள் எல்லோரும் மேல்தட்டு. ஐந்தாம் சுற்றுப் பிள்ளை சீக்கிரம் போனால் என்ன ஆகும் என்று பார்க்க கொனர் ஹெலபக் இருக்கிறார். 2012இல் 130ஆவது ஆள், கோல் காப்பாளர். லோவல் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடிவிட்டு வினிபெக்கோடு சேர்ந்தார். நேரே மேலே போகவில்லை, ஒரு முழுப் பருவம் ஏ.எச்.எல். என்ற கீழ்த்தட்டு லீக்கில் இருந்தார். 2025இல் என்.எச்.எல்.லின் பெறுமதிமிக்க வீரருக்கான ஹார்ட் விருது அவருக்கு. இந்தப் பெயரைச் சொன்னால் மருமகன் வென்றுவிட்டதாக நினைக்கிறான். ஆனால் கோல் காப்பாளர் கதை வேறு, அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 நிமிடம் நிற்கிறார். மூன்றாம் நாலாம் வரிசையில் ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் ஆடப்போகும் முன்வரிசைப் பெடியனோடு அவரை ஒப்பிட முடியாது.

என் கட்சிக்கும் ஆட்கள் உண்டு. மார்ட்டின் சென் லூயி குள்ளம் என்று எந்த அணியும் ட்ராஃப்டில் எடுக்கவில்லை. வெர்மொன்டில் நாலு வருடம். பிறகு கல்கரி எடுத்தது, அதுவும் கைவிட்டது. தம்பா பேயில்தான் நிமிர்ந்தார். 2004இல் ஹார்ட் விருதும் ஸ்டான்லி கிண்ணமும் ஒரே வருடம். வளர நேரம் வேண்டியவனுக்குக் கல்லூரி கொடுப்பது அந்த நேரத்தைத்தான். கல்லூரி அணி பருவத்துக்கு 35, 40 ஆட்டம் ஆடும், அதுவும் பெரும்பாலும் வெள்ளி சனியில். மிச்ச நாள் பயிற்சியும் பாரம் தூக்கலும். ஏ.எச்.எல்.லில் 72 ஆட்டம், இடையில் பஸ் பயணம். ஒல்லிப் பெடியன் அங்கே உடம்பை எப்போது தேற்றுவான்?

நாலு வருடத்தின் இன்னொரு பலன் பேரம். ஜிம்மி வீசியை 2012இல் நாஷ்வில் 66ஆவது ஆளாக எடுத்தது. ஹார்வர்டில் நாலு வருடம் முடித்து, 2016இல் ஹோபி பேக்கர் வாங்கி, நாஷ்விலுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். நாஷ்வில் பேசும் உரிமையை பஃபலோவுக்குக் கைமாற்றியது. அங்கேயும் கையெழுத்திடவில்லை. ஓகஸ்ட் 15 தாண்டியதும் நியூயோர்க் ரேஞ்சர்ஸ். முதல் பருவத்தில் 16 கோல், அடுத்ததில் 17. கெட்டித்தனமான ஆட்டக்காரர்தான், ஆனால் அந்தக் கோடைகாலத்தில் எழுந்த சத்தத்துக்கு ஏற்ற நட்சத்திரமாக அவர் ஆகவில்லை. பேரம் நல்ல அணியைத் தரலாம், ஆட்டத்தைத் தராது.

இங்கே ஒரு வேடிக்கை. 2016 ட்ராஃப்டிலும் 66ஆவது ஆள் ஹார்வர்ட் பெடியன்தான், அடம் ஃபொக்ஸ். எடுத்தது கல்கரி, உரிமை போனது கரோலினாவுக்கு. அவர் மூன்று வருடம் ஆடிவிட்டு நின்றார். நாலாம் வருடமும் போனால் கைக்கே கிடைக்கமாட்டான் என்ற பயத்தில் கரோலினா அவரை 2019 வசந்தத்தில் ரேஞ்சர்ஸுக்கு விற்றது. அவர் ஆசைப்பட்ட இடமும் அதுதான். என்.எச்.எல்.லில் இரண்டாவது பருவத்திலேயே நொரிஸ் விருது. நாலாம் வருடத்தைக் காட்டி மிரட்டினால் போதும், அதைப் படித்து முடிக்க வேண்டியதில்லை. நடுப்பாதை என்று நான் சொன்னது இதைத்தான்.

காசுக் கணக்கில் பொறுப்பவன் நிறைய இழக்கிறான் என்று பொதுவாக நினைக்கிறார்கள். முதல் ஒப்பந்தத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024, 2025 ட்ராஃப்ட் பிள்ளைகளுக்கு அது வருடத்துக்கு 975,000 அமெரிக்க டொலர், போனஸ் தனி. ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு கல்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் அது மேலே ஆடினால்தான். ஏ.எச்.எல்.லுக்கு இறக்கிவிட்டால் அதே ஒப்பந்தத்தில் சம்பளம் ஒரு இலட்சம் டொலருக்கும் கீழே. உச்சவரம்பு என்பதால் எல்லோருக்கும் அவ்வளவு கொடுப்பார்கள் என்றும் இல்லை.

பெரிய காசு வருவது இரண்டாவது ஒப்பந்தத்தில். அங்கே கணக்கு சுவாரசியமானது. 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். 22, 23இல் என்றால் இரண்டு. ஆகவே 20இல் இட்டவன் 23இலும், 22இல் இட்டவன் 24இலும் இரண்டாவது ஒப்பந்தத்துக்கு வந்துவிடுகிறான். இரண்டு வருடம் பொறுத்ததற்குப் பின்தங்கியது ஒரே வருடம். மார்ச்சில் கல்லூரிப் பருவம் முடிந்த கையோடு இட்டு, அந்தப் பருவத்திலேயே ஓர் என்.எச்.எல். ஆட்டம் ஆடினால் அதுவும் ஒரு வருடமாகக் கழிந்துவிடும், அந்த ஒரு வருட வித்தியாசமும் போய்விடும். (லீக்கும் வீரர் சங்கமும் செய்த புதிய பொது ஒப்பந்தத்தின் தொடக்கம் 2026 செப்டெம்பர் 16. நான் போடுவது அதற்கு முந்திய கணக்கு.)

அணிகள் ஏன் பொறுக்கின்றன என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஓர் அணி ஒரே நேரத்தில் 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கல்லூரியில் கிடக்கிற பெடியன் அந்த ஐம்பதில் வரமாட்டான். சாப்பாடு, பயிற்சி, பயிற்றுநர் எல்லாம் பல்கலைக்கழகத்தின் செலவு. இவர்களுக்குச் செலவில்லாமல் அவன் வளர்கிறான். அதனால் இரண்டாம் வருட முடிவில் ஓர் அணி தானாகக் கூப்பிட்டால் அதற்குக் கொஞ்சம் கனம் உண்டு, ஐம்பதில் ஓர் இடத்தை எடுத்து நீட்டுகிறார்கள்.

அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். “டிகிரி முடிப்பானோ மாட்டானோ?” அவளுக்காக நான் வைத்திருக்கும் பெயர் கென் டிரைடன். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு மொன்றியலுக்கு ஆட வந்தார். 1971இல், புதுமுகத்துக்கான விருதை வாங்கும் முன்பே, பிளேஓஃபின் சிறந்த வீரர் விருதை வாங்கிவிட்டார். ஆடிக்கொண்டே மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1973-74 பருவத்தில் சம்பளப் பேச்சு சரிவராதபோது ஆட்டத்தையே விட்டுவிட்டு ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சிக்குப் போனார். பின்னாளில் கனடாவின் மத்திய அமைச்சர். இந்தக் கதையைக் கேட்டபிறகு அக்கா ஹொக்கி மட்டையின் விலையைப் பற்றி இரண்டு கிழமை ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கும் பொறு என்று சொல்ல ஒரு காரணம் உண்டு, அது ஹொக்கியில் இல்லை. ஏகாம்பரம் மைதானத்தில் எங்களோடு பந்தடித்த ஒருவன் ஏ.எல். பாதியில் விட்டுவிட்டு கொழும்பில் ஓர் அணிக்கு ஆடப் போனான். எங்களில் அவன்தான் சிறந்தவன். இரண்டாம் வருடம் முழங்கால் போனது. இப்போது உப்புவெளியில் ஓட்டோ ஓட்டுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் ஏறியதும் பந்தைப் பற்றிக் கதைத்தால் பேச்சை மாற்றுவான்.

அதற்காகப் பொறுப்பதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். கல்லூரியிலும் முழங்கால் போகும். அதோடு போட்டியும் இறுகிவிட்டது. முன்பெல்லாம் கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் (பதின்ம வயதினரின் மேல்மட்ட லீக்குகள்) ஆடியவனுக்கு அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் கதவு மூடிவிடும். 2024 நவம்பரில் அந்த விதியை எடுத்தார்கள், 2025 ஓகஸ்ட் முதல் இரண்டு பக்கமும் ஆடலாம். 2026 ட்ராஃப்டின் முதல் தேர்வாகப் பேசப்பட்ட கவின் மக்கென்னா மெடிசின் ஹட் என்ற கனடிய ஜூனியர் அணியிலிருந்து பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாணவருக்கு நேரடியாகக் காசு கொடுக்கும் பல்கலைக்கழகங்களில் அணிக்கு 26 பேர் என்ற எல்லையும் வந்தது. இனி நாலாம் வருட மாணவனின் இடத்தைத் தட்டிப் பறிக்க, 68 ஆட்டப் பருவங்களில் காய்ந்த 19, 20 வயதுக்காரர் வந்து நிற்பார்கள். இன்னொன்று, அந்தக் காசு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. மாணவர் விசாவில் போகும் கனடியப் பிள்ளைக்கு வேலைக் கட்டுப்பாடு உண்டு, அமெரிக்கப் பெடியனைப்போல் விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. அக்கா வீட்டில் இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், முதல் பத்துக்குள் எடுக்கப்பட்டு, கையெழுத்திட்ட கிழமையே என்.எச்.எல். பெஞ்சில் இடம் தருகிறோம் என்றால் போகட்டும், ஒரு வருடமோ இரண்டோ. அதற்குக் கீழே எடுக்கப்பட்டவன், ஏ.எச்.எல். பஸ்ஸில்தான் ஏற்றப்போகிறார்கள் என்றால், மூன்றாம் வருடம் முடிய முன் பேனாவைத் தொடக் கூடாது. நாலாம் வருடம், வீசி மாதிரி அணியைப் பிடிக்காதவனுக்கும், சென் லூயி மாதிரி யாரும் எடுக்காதவனுக்கும்.

இதை நேற்று அப்படியே குரல்பதிவாக அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது: “ஓகே மாமா, ஃபொக்ஸ் மாதிரி மூண்டு வருசம்.” கீழே இன்னொரு வரி: “ஆனா செலப்ரீனி மாதிரி வந்தா ஒரு வருசம்.”

அக்கா தனியாக ஒரு படம் அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூட ரிப்போட். கணிதம் 62.