ஒரு நாட்டோட குணத்துக்கு மார்க் போடுற ரெண்டு சைட் – என் ரிவ்யூ

ஹோஃப்ஸ்டெட்னு ஒரு டச்சு ஆராய்ச்சியாளர், நாட்டுக்கு நாடு கலாச்சாரம் எப்படி மாறுதுன்னு அளந்தவரு. அவரோட கன்ட்ரி கம்பாரிசன் டூல் பாக்காதவங்களுக்கு: நாட்டை செலக்ட் பண்ணா போதும், ஆறு விஷயத்துல யாருக்கு எவ்ளோ ஸ்கோர்னு சார்ட் வந்துடும், காசு கிடையாது. பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாம ஏத்துக்கிற பழக்கம் இருக்குல்ல, அத பவர் டிஸ்டன்ஸ்னு அளக்குறாங்க, இந்தியா 77, நெதர்லாந்து 38. டச்சு டீம் கால்ல ஜூனியர் பையன் மேனேஜர்கிட்டயே 'இது சரிவராது'ன்னு போட்டு உடைக்கும்போது நம்மாளுங்க ஏன் முழிக்கிறாங்கன்னு இதப் பாத்தா ஓரளவு புரியும்.

ஆனா நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு யூஸ் பண்ணுங்க. அடிப்படை சர்வே 1967–1973ல ஐபிஎம் ஊழியர்கள்கிட்ட எடுத்தது, லட்சத்துக்கு மேல ஃபார்ம். எல்லாரும் ஒரே கம்பெனி, அதனால மிச்சமிருக்கிற வித்தியாசம் நாட்டாலதான்னு லாஜிக். கெட்டியான லாஜிக்தான், அதுக்காக அந்தக் காலத்து ஆபீஸ்காரங்கள வச்சு தஞ்சாவூர் விவசாயிக்கும் லூதியானா மில் ஓனருக்கும் சேத்து ஒரே நம்பரா?

அதவிட முக்கியம், இது நாட்டோட ஸ்கோர், தனி ஆளோடது இல்ல. ஹோஃப்ஸ்டெட்டே இத சொல்லியிருக்காரு. ஷாலோம் ஷ்வார்ட்ஸ்னு இன்னொரு ஆராய்ச்சியாளர், தனி மனுஷனுக்கு 10 வேல்யூ (வாழ்க்கைல எது முக்கியம்னு நினைக்கிறது), சமூகத்துக்கு 7ன்னு அளவுகோலையே தனித்தனியா வச்சுட்டாரு. எங்க ஆபீஸுக்கு வந்த ட்ரெயினர் என்னடான்னா 'டச்சுக்காரன்னா இப்படித்தான்'னு ஜாதகம் மாதிரி பலன் சொல்லிட்டுப் போனாரு, அதுக்கு ஃபீஸ் வேற.

என் ஓட்டு ரெண்டாவது சைட்டான வேர்ல்ட் வேல்யூஸ் சர்வேக்கு, பல நாட்டு ஜனங்ககிட்ட எது முக்கியம், எத நம்புறாங்கன்னு கேக்குற சர்வே இது. 1981ல ஆரம்பிச்சது, இந்தியா 1990லயே உள்ள வந்தாச்சு. ஆன்லைன் அனாலிசிஸ்ல நாடும் கேள்வியும் எடுங்க. 'பொதுவா மனுஷங்கள நம்பலாமா, உஷாரா இருக்கணுமா'ன்னு ஒரு கேள்வி, புள்ளைங்களுக்கு வீட்ல எத முக்கியமா கத்துக்குடுக்கணும்னு லிஸ்ட்ல அஞ்சு வரைக்கும் பொறுக்கச் சொல்ற கேள்வி ஒண்ணு, கீழ்ப்படியறதும் அதுல இருக்கு சொந்தக்கால்ல நிக்கிறதும் இருக்கு. யார் எத்தன பர்சன்ட்னு தெரியும், வயசு, படிப்பு, ஆண் பெண்ணுன்னு பிரிச்சும் பாக்கலாம். அப்பத்தான் விஷயமே வெளிய வரும், ஏன்னா வேல்யூஸ்ல இருக்கிற வித்தியாசத்துல பெரும்பங்கு ஒரே நாட்டு ஆளுங்களுக்குள்ளதான்.

டிசைனுக்கு மார்க் கேக்காதீங்க. டேட்டா ஃப்ரீயா இறக்கிக்கலாம், ப்ராஜெக்ட் பண்ற பசங்களுக்கு லட்டு.

ஹோஃப்ஸ்டெட் டூலுக்கு 3 ஸ்டார், வேர்ல்ட் வேல்யூஸ் சர்வேக்கு 4.5. அரை ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, சர்வே எடுக்குறவங்க வீட்டு வாசல்ல வந்து கேக்கும்போது மாமியார் பக்கத்துல உக்காந்திருந்தா மருமக என்ன பதில் சொல்லுவா?