பாளை சந்துக்குள்ள ஒரு பழைய புக் கடை, நாலு ஸ்டார் தாராளமா குடுக்கலாம்

தெற்கு பஜார்ல இருந்து பிரியுற சந்துல இருக்கு, போர்டு கிடையாது, வாசல்ல டென்த் கைடும் டிஎன்பிஎஸ்சி நோட்ஸும் அடுக்கி வச்சிருக்கத பாத்துட்டு சும்மா கைடு கடைன்னு நடையக் கட்டிராதீங்க. சரக்கு பூரா உள் ரூம்லதான். பழைய வக்கீல் வீடு, வாத்தியார் வீடுகள்ல பெரியவங்க காலமானப்புறம் பிள்ளைங்க எடைக்குப் போடுத புஸ்தகமெல்லாம் அங்கனதான் வந்து சேருது. ஃபேன் கிடையாது, தூசி கிளம்பும், ஒரு கர்ச்சீப் கொண்டு போயிருங்க.

போன வாரம் எனக்கு மாட்டுனது ஹெர்பர்ட் எவாட் எழுதுன 'ரம் ரெபெல்லியன்'. அண்ணாச்சி கையில தூக்கிப் பாத்து "தடியாதான் இருக்கு தம்பி, எரநூறு குடும்"னாரு, பேசி நூத்தம்பதுக்கு முடிச்சேன். அங்க எல்லாத்துக்கும் தடிமன் பாத்துதான் ரேட், உள்ள என்ன இருக்குன்னு அவருக்குக் கவலையே கிடையாது, அது நமக்கு லாபம்தான்.

இந்த எவாட் லேசுப்பட்ட ஆளு இல்ல. 1925ல ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாநில சட்டசபைக்கு பால்மெய்ன் தொகுதில லேபர் கட்சி எம்எல்ஏ, அப்புறம் கட்சித் தலைவர் லாங் கூட முட்டிக்கிட்டு 1927ல தனியா நின்னும் ஜெயிச்சாரு, 1930ல 36 வயசுல ஹைகோர்ட் ஜட்ஜ், அங்க நாட்டுக்கே பெரிய கோர்ட்டு அதுதான். ஜட்ஜா இருக்கும்போதே உக்காந்து சரித்திரம் எழுதிருக்காரு, இந்தப் புக்கு வந்தது 1938. 1940ல ஜட்ஜ் வேலைய உதறிட்டு திரும்பவும் அரசியல், இந்தத் தடவ டெல்லி மாதிரி மத்திய பார்லிமெண்டுக்கு. 1948ல ஐநா பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்த நிறைவேத்துனப்ப தலைவர் சீட்ல இருந்தது இவருதான்.

புக்கு கதை என்னன்னா, 1808 ஜனவரி 26, சிட்னில பட்டாளத்துக்காரங்களே கவர்னர் பிளைய வீடு புகுந்து அரெஸ்ட் பண்ணிட்டாங்க. பவுண்டிங்கிற கப்பல்ல இவரு கேப்டனா இருந்தப்ப மாலுமிங்க கலகம் பண்ணி நடுக்கடல்ல படகுல இறக்கி விட்டாங்களே, அதே பிளைதான், மனுசனுக்கு ராசியே அப்படி போல. அங்க சாராயம்தான் காசு, அதுல கொழுத்தது ஆபீசர்ங்க, இவரு அதுல கை வச்சாரு. முந்துன நாள் மெக்கார்தர்ங்கிற பெரும்புள்ளி மேல கேஸ், ஜட்ஜ் எனக்குக் கடன் பாக்கி, அவரு விசாரிக்கக் கூடாதுன்னு அந்த ஆளு கோர்ட்லயே சத்தம் போடுதாரு, ஜட்ஜ் கூட உக்காந்திருந்த ஆறு ஆபீசரும் மெக்கார்தர் பக்கம் சாயுதாங்க. இந்த இடத்த எவாட் வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுத மாதிரி எழுதிருக்காரு, கீழ வைக்க மனசு வரல. என் காப்பில ஓரத்துல யாரோ நம்மூர் பழைய வக்கீல் நீல இங்க்ல "சாட்சி எங்கே?"ன்னு குறிச்சு வச்சிருக்காரு, அதுவும் நல்ல கேள்விதான், ஏன்னா எவாட் பிளைக்கு வக்காலத்து வாங்கிட்டுதான் எழுதவே உக்காந்திருக்காருன்னு படிக்கும்போதே தெரியுது.

எனக்கு சுருக்குன்னு பட்டது வேற. கவர்னரப் புடிச்ச மேஜர் ஜான்ஸ்டனுக்கு 1811ல லண்டன்ல ராணுவ விசாரணை, தண்டனை வேலைய விட்டு நீக்குனது மட்டும், ஆளு திரும்ப சிட்னிக்கே வந்து நிலபுலத்தோட இருந்துட்டாரு. அந்த 1808 கலகத்துக்கு ஒம்போது வருசம் கூட முந்தாம, 1799 அக்டோபர் 16, இந்தா இருக்க கயத்தாறுல இன்னொரு மேஜர், பானர்மன், மத்த பாளையக்காரங்கள வரவச்சு நிறுத்திட்டு கட்டபொம்மனத் தூக்குல போட்டாரு. அதே வெள்ளைக்கார ராஜ்ஜியம்தான, எவாட் மாதிரி ஒரு ஆளு கயத்தாறு விசாரணைய இப்படிக் கிழிச்சு எழுதிருந்தா எப்படி இருந்திருக்கும்.

சரி கடைக்கு வாரேன். ஜிபே உண்டு. மத்தியானம் போகாதீங்க, அண்ணாச்சி சாப்டுட்டு ஒரு தூக்கம் போட்டுட்டுதான் திறப்பாரு. ஒரு ஸ்டார் குறைச்சது எதுக்குன்னா வாங்குனத திருப்பி எடுக்க மாட்டாங்க, என் புக்குல நடுவுல ஒரு பாரமே, அதான் சேத்துத் தைச்ச பக்கக் கட்டு, கழண்டு கிடந்துச்சு, நல்ல வேளை பக்கம் எதுவும் போகல. காசு குடுக்க முன்னாடி அங்கனயே நின்னு பக்க நம்பர் சரி பாத்துக்கிடுங்க, செல்லரிச்சிருந்தா இன்னும் முப்பது ரூவா குறைச்சுக் கேளுங்க, குடுத்துருவாரு.